பெருங் கட்டிட வேலைகளில் தாவர டீசலும் சிக்கன முறைகளும்

கரிசல் பூமியில் மழை குறைவு. கட்டிட வேலைக்குக் குறைவில்லை. விருதுநகர் மாவட்டத்தில் 11 ஊராட்சி ஒன்றியங்களும் 450 கிராம ஊராட்சிகளும் உள்ளன. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ஊராட்சி அலுவலகம், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, தானியக் களம் என்று ஏதேனுமொரு வேலை நடவாத ஊர் அருமை. இவற்றோடு பெரிய பணிகளும் வந்து சேர்ந்துள்ளன. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பெற்றது. இ. குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கர் பரப்பில் அமையும் ஜவுளிப் பூங்காத் திட்டம் 2023 மார்ச்சில் தொடங்கப்பெற்றது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களிலோ பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களுக்கான கூடங்களும் கிடங்குகளும் இடைவிடாது எழும்பி வருகின்றன.

இவ்வளவு கட்டிடமும் எழும்புவதற்கு மண் தோண்டும் இயந்திரம், கலவை இயந்திரம், லாரி, ஜெனரேட்டர் ஆகியவை ஓடவேண்டும். இவை குடிப்பது டீசல். நாட்டிற்கு வேண்டிய கச்சா எண்ணெயின் பெரும் பகுதி கடல் கடந்து வருவது. ஆகவே, 'நம் நிலத்தில் விளையும் வித்தினின்றும் டீசல் செய்தலாகாதா? கட்டிட வேலைக்கு அதனைக் கொள்ளலாகாதா?' என்று பஞ்சாயத்து உறுப்பினர் பலர் வினவுகின்றனர். வினா நல்ல வினாவே. விடை கூறுமுன் அதன் லாப நஷ்டங்களைச் சற்று நிதானமாக ஆராய்தல் நலம்.

கடலை எண்ணெயில் ஓடிய இயந்திரம்

டீசல் இயந்திரமும் தாவர எண்ணெயும் பழைய உறவினர். 1900-ம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஒரு சிறு டீசல் இயந்திரம் கடலை எண்ணெயைக் கொண்டே ஓட்டிக் காட்டப்பெற்றது. பின்னர் மண்ணெண்ணெய் வகைகள் மலிவாகக் கிடைத்தமையால் அவ்வழி மறக்கப்பட்டது. கடலை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் பேர்போன விருதுநகர்ச் சந்தையில் வியாபாரம் செய்வோருக்கு இச்செய்தி வியப்பளிக்கலாம்.

ஆயினும் செக்கிலிருந்து வரும் எண்ணெயை அப்படியே இக்காலத்து இயந்திரத்தில் ஊற்றலாகாது. அது டீசலைவிடப் பன்மடங்கு பிசுபிசுப்புள்ளது; எண்ணெயைத் தெளிக்கும் நுண்ணிய துளைகளை அடைத்து, இயந்திரத்தின் உள்ளே கரி படியச் செய்யும். இக்குறையை நீக்கவே எண்ணெயுடன் மெத்தனால் என்னும் சாராய வகையையும், சிறிதளவு காரத்தையும் சேர்த்து மாற்றுகின்றனர். 100 கிலோ எண்ணெயும் ஏறத்தாழ 11 கிலோ மெத்தனாலும் சேர்ந்து வினைப்பட்டால், ஏறக்குறைய 100 கிலோ தாவர டீசலும் 10 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கிளிசரினும் கிடைக்கும். கிளிசரின் கனமாதலின் அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்பதைக் கழுவி, நீர் நீக்கி எடுத்ததே 'பயோடீசல்' எனப்படுவது.

அளவுக்கு அளவு நோக்கினால் இதன் வெப்ப சக்தி டீசலைவிடச் சுமார் 8 முதல் 10 சதவீதம் குறைவு. புகையும் கரியும் டீசலைவிடக் குறைவு. பழைய தொட்டியில் படிந்த கசடை இது கரைத்து விடுவதால், முதல் சில வாரங்களில் வடிகட்டி அடிக்கடி அடைபடும். அதனை மாற்றிவிட வேண்டும். பழைய இயந்திரங்களில் இயற்கை ரப்பர்க் குழாய்கள் இருப்பின் அவை இளகிப்போகும். பல மாதம் தேக்கி வைத்தால் கெடும், ஈரத்தையும் இழுக்கும். இவற்றையெல்லாம் அறிந்து கையாள்வோர்க்கு இது நல்ல எரிபொருளே. நமது நாட்டு ரயில்வே 2002 டிசம்பர் 31-ல் டில்லி–அமிர்தசரஸ் சதாப்தி வண்டியை 5 சதவீதக் கலப்பில் ஓட்டிச் சோதித்துப் பார்த்தது.

காட்டாமணக்கு கற்பித்த பாடம்

இவ்விடத்தில் ஒரு பழைய அனுபவத்தை நாம் மறத்தலாகாது. 2003-ல் திட்டக் கமிஷன் அமைத்த குழு, தரிசு நிலங்களில் காட்டாமணக்கு பயிரிட்டு நாட்டின் டீசல் தேவையில் ஒரு பகுதியைத் தீர்க்கலாமென்று கூறிற்று. தமிழ்நாட்டிலும் பல மாவட்டங்களில் விவசாயிகள் அதனை நம்பி நட்டனர். 2009-ம் ஆண்டுக் கொள்கையில், 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் கலக்க வேண்டுமென்று குறி வைக்கப்பட்டது. நடந்ததோ வேறு. 2018-ல் வெளியான புதிய தேசியக் கொள்கை, கலப்பு 0.1 சதவீதத்துக்கும் குறைவாகவே நின்றது என்று தானே ஒப்புக்கொண்டது. 2030-க்குள் 5 சதவீதம் என்று குறியையும் தாழ்த்திக் கொண்டது.

காரணம் என்ன? காட்டாமணக்கு வறட்சியில் சாவதில்லை என்பது உண்மை. சாகாமலிருப்பது வேறு, காய்ப்பது வேறு. நீரும் உரமுமின்றி விட்ட செடி இலையைக் காட்டிற்றேயன்றிக் காயைக் காட்டவில்லை. பறிகூலிக்குக்கூட விளைச்சல் கட்டி வரவில்லை. வித்தை எங்கே விற்பது, யார் வாங்குவார் என்பதற்கும் உறுதியில்லை. நட்டவன் கையைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

ஆகவே, பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் விளையும் கரிசலில் எரிபொருள் வித்துக்களைப் பயிரிடச் சொல்வது சரியன்று. உண்ணும் எண்ணெயை இயந்திரத்துக்கு ஊற்றுவதும் முறையன்று. நம் நாடு தனக்கு வேண்டிய சமையலெண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. மனிதன் வாய்க்கு எட்டாததை இயந்திரத்தின் வாய்க்குக் கொடுப்பது எவ்வகையில் சிக்கனமாகும்?

நமக்குப் பொருந்தும் இரண்டு வழிகள்

முதலாவது, பொரித்து மீந்த எண்ணெய். விருதுநகரின் எண்ணெயில் பொரித்த பரோட்டாவைத் தமிழகம் முழுதும் அறியும். காராச்சேவுக்குச் சாத்தூர் பெயர் பெற்றது. இக்கடைகளில் நாள்தோறும் கொப்பரை கொப்பரையாக எண்ணெய் காய்கிறது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் உடலுக்குத் தீங்கானது. எண்ணெயில் உண்டாகும் கேடான கூட்டுப்பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கலாகாது என்ற விதி 2018 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பெண்ணெய் செலவிடும் கடைகள், அதற்குக் கணக்கு வைத்து, மீந்ததை அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடமே ஒப்படைக்க வேண்டுமென்பது 2019 மார்ச் முதல் உத்தரவு. அவ்வாறு சேகரித்த எண்ணெயினின்றும் பயோடீசல் செய்யும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் தொடங்கிற்று.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடையில் நாளைக்கு 2 லிட்டர் மீந்தால் மாதம் 60 லிட்டர். அத்தகைய 50 கடைகள் சேர்ந்தால் 3,000 லிட்டர். வடிகட்டும்போது கழிவது போக 2,700 லிட்டர் பயோடீசல் கிடைக்கிறதென்று கொள்வோம். அதனை 20 சதவீதமாகக் கலந்தால் 13,500 லிட்டர் கலப்பெரிபொருள் ஆகும். சாக்கடையில் ஊற்றி வாய்க்காலை அடைக்கும் பொருள், அல்லது மறுபடி யாரோ ஒரு ஏழையின் தட்டில் வந்து விழும் பொருள், இவ்வாறு பயன் பெறுகிறது. எண்ணெய் கொடுப்பதில் இதுவே முதல் லாபம். எரிபொருள் இரண்டாவது லாபம் என்றே நாம் கருதுகிறோம்.

இரண்டாவது, புங்கம், இலுப்பை, வேம்பு ஆகிய மரங்களின் வித்து. இவை நமக்குப் புதியனவல்ல. இலுப்பெண்ணெய் கோயில் விளக்குகளில் எரிந்தது. புங்கம் புண்ணாக்கு வயலுக்கு எருவாயிற்று. கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டத்து மடேனூரில் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் 2007-ல் தொடங்கிய உயிர் எரிபொருள் பூங்கா கைக்கொண்ட முறை கவனிக்கத்தக்கது. விளைநிலத்தை அது கேட்கவில்லை. வரப்பிலும் வேலியிலும் வீட்டுப் புறக்கடையிலும் மரம் வைக்கச் சொல்லி, வித்தைச் சேகரித்துக் கொடுப்போர்க்கு விலை கொடுத்தது. நமது கண்மாய்க் கரைகளும் சாலையோரங்களும் ஊரணிக் கரைகளும் இதற்கு ஏற்றவை. ஆனால் புங்கம் காய்ப்புக்கு வர ஐந்தாண்டுக்குக் குறையாமல் ஆகும். எண்ணெய் கிடைக்காவிடினும் நிழலும் தழையெருவும் உறுதி. எரிபொருளை நம்பி நடவேண்டாம், நிழலுக்காக நடுவோம், வித்து கிடைத்தால் அது மேல் வரும்படி.

சிவகாசி வட்டாரத்தார்க்கு ஓர் எச்சரிக்கை

'செய்முறை எளிதாயிருக்கிறதே, நம் ஊரிலேயே டிரம்மில் காய்ச்சலாமே' என்று யாரும் எண்ணற்க. மெத்தனால் கொடிய நஞ்சு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டது மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்ததனாலேயே. அதனை வாங்கவும் வைக்கவும் உரிமம் வேண்டும். அதன் ஆவி 11 அல்லது 12 டிகிரி வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். நம் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட அதைவிடச் சூடு அதிகம். அது எரியும் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படுவதும் அரிது. வெடிமருந்தோடு வாழும் ஊரில் இத்தகைய பொருளைக் கொட்டகையில் வைத்துக் காய்ச்சுவது நெருப்பை மடியில் கட்டிக்கொள்வதாகும். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தை இவ்வட்டாரம் மறந்திருக்க இயலாது. பயோடீசல் தயாரிப்பது உரிமம் பெற்ற ஆலைகளின் வேலை. எண்ணெயும் வித்தும் சேகரித்துக் கொடுப்பதும், செய்து முடித்ததை வாங்கிப் பயன்படுத்துவதுமே நம் வேலை.

செய்து முடித்த பயோடீசலோ இதற்கு நேர்மாறானது. சாதாரண டீசலின் ஆவி பற்றிக்கொள்ளும் வெப்பநிலைக்கு விதி குறித்த கீழெல்லை 35 டிகிரி. தூய பயோடீசலுக்கு அது 100 டிகிரிக்கும் மேல். அதாவது, தேக்கி வைப்பதில் டீசலைவிட அபாயம் குறைந்தது. எனினும் அதுவும் எரியும் பொருளே. ஜெனரேட்டரையும் எரிபொருள் பீப்பாயையும் மருந்துக் கலவை அறைகளுக்கு அருகில் கொண்டு செல்லலாகாது என்னும் கட்டுப்பாடு எந்த எண்ணெய்க்கும் தளராது. வெடிபொருள் உரிமம் பெற்ற கூடங்களைச் சுற்றி உலர்ந்த புல்லும் செத்தையும் இருத்தலாகாது. ஆதலால் புங்கங்கன்று நடும் ஆர்வத்தை அங்கே காட்டாமல் ஊர்ப்பொது நிலத்தில் காட்டுவதே தக்கது.

வாங்கும்போதும் கவனம் வேண்டும். தூய பயோடீசலுக்கு ஐ.எஸ். 15607 என்றும், 6 முதல் 20 சதவீதம் கலந்ததற்கு ஐ.எஸ். 16531 என்றும் தர அளவுகள் வகுக்கப்பட்டுள்ளன. பயோடீசல் விற்பனைக்கு 2019-ல் மத்திய அரசு தனி நெறிமுறை வகுத்தது. அந்த அனுமதியும் தரச் சான்றும் காட்டாதவரிடம், விலை குறைவு என்பதற்காக, ஒரு லிட்டரும் வாங்கற்க. கலப்பட எண்ணெயால் கெட்ட இயந்திரத்தைச் சீர் செய்யும் செலவு, மிச்சம் பிடித்த காசைப்போல் பன்மடங்காகும்.

உண்மையான கணக்கு எங்கே இருக்கிறது?

இதுகாறும் எரிபொருளைப் பற்றியே பேசினோம். இனி, பஞ்சாயத்துத் தலைவர்கள் தங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டிய ஒரு கணக்கைத் தருகிறோம்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. 50 கிலோ கொண்ட ஒரு மூட்டைச் சாதாரண சிமெண்டு செய்வதில் சுமார் 40 கிலோ உண்டாகிறது. இதில் பாதிக்கு மேற்பட்டது எரிபொருளால் வருவதன்று. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அக்கல்லிலிருந்தே வருவது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லில் 44 கிலோ வாயுவாகவே போய்விடும். விருதுநகரை அடுத்த ஆர்.ஆர். நகரிலும், அரசு 1970-ல் ஆலங்குளத்திலும் சிமெண்டு ஆலைகள் எழுந்தது இம்மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல்லை நம்பியே ஆகும்.

இக்கணக்கின்படி 100 லிட்டர் டீசலை மிச்சப்படுத்துவதும் 6 அல்லது 7 மூட்டைச் சிமெண்டை மிச்சப்படுத்துவதும் சமம். டீசலோடு 20 சதவீதம் பயோடீசல் கலந்து 100 லிட்டர் எரித்தால் கிடைக்கும் நன்மையோ, ஏறத்தாழ ஒரு மூட்டைச் சிமெண்டுக்கே ஈடாகும். ஆகையால் பயோடீசலை மட்டும் ஊற்றிவிட்டுச் சிமெண்டையும் கம்பியையும் வாரி இறைப்பவர், வாசலில் சல்லடையை வைத்துக்கொண்டு கொல்லையில் மூட்டையை அவிழ்த்து விட்டவர் ஆவார். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. அளக்கத் தொடங்கினால் பின்வரும் வழிகள் தாமே புலப்படும்.

சிமெண்டில் சிக்கனம்

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்தபின் கிடைக்கும் நுண்ணிய உலர் சாம்பலைக் கொத்தனார்கள் 'ஃபிளை ஆஷ்' என்பர். அரைத்த சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம் வரை இச்சாம்பலைச் சேர்த்தது பி.பி.சி. சிமெண்டு. 30 சதவீதம் சாம்பல் சேர்ந்த 100 மூட்டை வாங்கினால், சுட்ட சுண்ணாம்புக் கட்டியில் ஏறத்தாழ 30 மூட்டை மிச்சமாயிற்று. உப்புத்தன்மையுள்ள நிலத்தடி நீரையும் இது நன்கு தாங்கும்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பி.பி.சி. மெதுவாகவே இறுகும், நீராற்றும் காலத்தைக் குறைத்தால் பலம் வராது. 10 நாளுக்குக் குறையாமலும், வறண்ட வெயில் காலத்தில் 14 நாளும் ஈரம் காயாமல் காக்க வேண்டும். 'தண்ணீருக்கு எங்கே போவது?' என்று கேட்பீர்கள். காலையும் மாலையும் குழாயால் பீய்ச்சி அடித்த நீர் அரைமணியில் ஆவியாகிவிடும். நனைத்த சாக்கைத் தூணில் சுற்றிக் கட்டினாலும், தளத்தின்மீது வைக்கோலைப் பரப்பி நனைத்தாலும் குறைந்த நீரே போதும். முட்டுக்களை அவசரப்பட்டுப் பிரித்தலும் கூடாது.

செங்கல்லில் சிக்கனம்

சூளைச் செங்கல்லுக்கு வளமான மேல்மண் போகிறது. எரிக்க விறகோ நிலக்கரியோ போகிறது. சாம்பல் செங்கல்லோ சுடப்படுவதில்லை; அழுத்தி, நீராற்றி எடுப்பது. அனல்மின் நிலையங்களைச் சுற்றியுள்ள கட்டிடங்களில் சாம்பல் பொருள்களைப் பயன்படுத்த வேண்டுமென்று 1999 செப்டம்பரில் மத்திய அரசு ஆணையிட்டது. வாங்கும்போது மூலை உதிராததாய், ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிப்பதாய்ப் பார்த்து வாங்குதல் வேண்டும்.

கேரளத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த லாரி பேக்கர் என்னும் கட்டிடக் கலைஞர், செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் முறையைப் பரப்பினார். இதனால் செங்கல்லில் கால்வாசி மிச்சமாவதோடு வெயிலும் உள்ளே இறங்காது. ஆரோவில்லில் அழுத்திய மண் கட்டிகளில் சுமார் 5 சதவீதம் சிமெண்டு மட்டுமே சேர்த்துப் பெரிய கட்டிடங்களைக் கட்டியுள்ளனர். அது செம்மண்ணுக்கு ஏற்ற முறை. மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் கரிசலில் அதனை அப்படியே செய்து பார்த்தல் தகாது.

அஸ்திவாரத்தில் சிக்கனம்

கரிசலில் சுவர் வெடிப்பது நாம் நாள்தோறும் காண்பது. அடியில் மண் அசைந்தால் மேலே எவ்வளவு சிமெண்டு பூசினும் வீண். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஒரு வழி வகுத்தது. ஈரம் ஏறி இறங்காத ஆழம் வரை துளையிட்டு, அடியில் குடம்போல் அகன்ற தூண்களை வார்த்து, அவற்றின்மேல் கட்டிடத்தை நிறுத்துவதே அம்முறை. பத்தாண்டில் இடித்துக் கட்டவேண்டிய கட்டிடத்தைவிட வீணானது வேறில்லை. நீடித்து நிற்பதே முதற் சிக்கனம்.

டீசலிலும் நீரிலும் சிக்கனம்

வேலையின்றி உறுமிக்கொண்டு நிற்கும் மண் தோண்டும் இயந்திரம் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் டீசலைச் சும்மா குடிக்கும். பெரிய ஜெனரேட்டரை வைத்துச் சிறு மோட்டாரை ஓட்டுவதும் அத்தகையதே. வேலை தொடங்குமுன் தற்காலிக மின் இணைப்புப் பெற்றுவிட்டால் ஜெனரேட்டரின் தேவையே பெரிதும் குறையும். ஜல்லியும் எம்-சாண்டும் அருகிலுள்ள குவாரியிலிருந்து வருமாறு திட்டமிட்டால் லாரியின் ஓட்டம் குறையும். இவ்வாறு குறைத்தபின் எஞ்சிய டீசலுக்குப் பயோடீசலைக் கலப்பதே முறை. புதிய இயந்திரங்களில் எத்தனை சதவீதம் கலக்கலாம் என்பதை உற்பத்தி செய்தவரின் கையேட்டில் பார்த்தே முடிவு செய்க.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயம். கட்டிடம் முடிந்தபின் குழாய் வைப்பதைவிட, முதலிலேயே தொட்டியைக் கட்டிவிட்டால், கட்டும் வேலைக்கே அந்நீர் உதவும்.

பஞ்சாயத்து செய்யத் தக்கவை

பெரிய திட்டங்களின் எரிபொருளை நாம் முடிவு செய்வதில்லை. எனினும் நம் ஊர்க் கட்டிடத்தின் மதிப்பீட்டை நாம் படித்துப் பார்க்கலாம். எந்தச் சிமெண்டு, எந்தச் செங்கல், எத்தனை நாள் நீராற்றல், மழைநீர்த் தொட்டி உண்டா என்னும் நான்கு வினாக்களைப் பொறியாளரிடம் கேட்கலாம். கடைத்தெருவில் மீந்த எண்ணெயைச் சேர்த்து அங்கீகாரம் பெற்றவரிடம் கொடுக்கும் பொறுப்பை மகளிர் சுய உதவிக் குழு ஒன்றிடம் விடலாம். கண்மாய்க் கரையில் புங்கமும் இலுப்பையும் நட்டு ஐந்தாண்டு காக்கலாம். இவை நான்கும் பெரும் பணம் கேட்பனவல்ல. கவனம் மட்டுமே கேட்பன.

1923-ல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். மழையை நம்பியிருந்த ஊர் அதனால் பிழைத்தது. அவர்கள் கேள்விப்பட்டதை மட்டும் நம்பித் தொழில் தொடங்கவில்லை. நேரில் சென்று, செய்து பார்த்து, கற்றபின்பே தொடங்கினர். தாவர டீசலுக்கும் அந்நெறியே பொருந்தும். அதனைச் சர்வரோக நிவாரணி என்று தலையில் தூக்கி ஆடவும் வேண்டாம். பயனற்றது என்று ஒதுக்கவும் வேண்டாம். சிமெண்டையும் நீரையும் டீசலையும் முதலில் அளந்து செலவிடப் பழகுவோமாக. அளந்தபின் எஞ்சும் இடத்தில் மீந்த எண்ணெய்க்கும் ஒரு வேலை கொடுப்போமாக. அவ்வாறு கட்டிய பள்ளிக்கூடத்தில் நம் பேரப்பிள்ளைகளும் அமர்ந்து படிப்பர்.